ஒரு பிடி குறைத்தால் போதுமா?

இரவு மணி பத்து. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். நீங்கள் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். பாத்திரத்தின் அடியில் ஒன்றரைக் கரண்டி சாதம் மீந்திருக்கிறது. ஃபிரிட்ஜில் எடுத்து வைக்க அது போதாது. கொட்டிவிட மனசு வரவில்லை. உங்களுக்கோ ஏற்கெனவே வயிறு நிறைந்துவிட்டது. என்ன செய்வீர்கள்?

பதிலை நீங்கள் சொல்லவே வேண்டாம். துளி மோரை விட்டுப் பிசைந்து, நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வீர்கள். நானும் அப்படித்தான். என் அம்மாவும் அப்படித்தான். 'அன்னம் மகாலட்சுமி, வீணாக்கக் கூடாது' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

இந்த ஒன்றரைக் கரண்டி சாதத்தைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசப்போகிறேன். 'கோயில், விரதம் என்று எழுதாமல் இது என்ன சமையலறைப் பேச்சு?' என்று நினைக்காதீர்கள். கோயிலுக்கும் வருவோம், விரதத்துக்கும் வருவோம்.

எங்கள் குடியிருப்பில் ஒரு மாமி இருக்கிறார். வயது அறுபத்திரண்டு. மயிலாப்பூரில் கபாலீஸ்வரர் கோயிலுக்கு நடந்து போய்விடுகிற தூரம். ஏகாதசி, சஷ்டி, பிரதோஷம் எதையும் மாமி விட்டதில்லை. கூடவே பதினோரு வருடமாகச் சர்க்கரை நோயும் உண்டு. "சாதத்தைக் குறைங்கம்மா, கொஞ்சம் நடங்க" என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார். "ஆகட்டும் டாக்டர்" என்று மாமியும் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

மாமியிடம் ஒரு சாமர்த்தியம் இருந்தது. இரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து பத்தியம்! சாதம் கிடையாது, இனிப்பு கிடையாது, உருளைக்கிழங்கு பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். ரிப்போர்ட் நன்றாக வரும். டாக்டருக்கும் சந்தோஷம், மாமிக்கும் சந்தோஷம். அன்று மாலையே கேசரி! (சிரிக்காதீர்கள். நம்மில் எத்தனை பேர் இதைச் செய்கிறோம்?)

அப்புறம் டாக்டர் மாறினார். புதிதாக வந்தவர் 'ஹெச்பிஏ1சி' என்று ஒரு பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். நமது இரத்தத்தின் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாட்கள் உயிரோடு இருப்பவை. அவற்றில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை வைத்து, கடந்த இரண்டு மூன்று மாதங்களில் சராசரியாக நம் இரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்று இந்தப் பரிசோதனை சொல்லிவிடும். மூன்று நாள் பத்தியமெல்லாம் இதனிடம் பலிக்காது. மாமிக்கு 9.4 என்று வந்தது. பெரும்பாலான நோயாளிகளுக்கு 7-க்குக் கீழே வைத்திருக்கச் சொல்வார்கள்.

"இது சித்ரகுப்தன் டெஸ்ட்டுடி! நல்ல நாள், பெரிய நாள் மட்டும் பார்க்காம எல்லா நாளையும் எழுதி வெச்சிருக்கு" என்றார் மாமி. வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அந்த வார்த்தை மனசில் தைத்துவிட்டது.

பயந்துபோன மாமி, நம்மில் பலர் செய்வதையே செய்தார். ஒரு பெரிய சங்கல்பம் எடுத்துக்கொண்டார். முருகனுக்கு ஒரு மண்டலம், 48 நாள் விரதம். அரிசிச் சாதம் அறவே இல்லை. பகலில் ஒரு வேளை மட்டும் ஆகாரம். இரவில் அரை டம்ளர் பால். காலையில் கோயிலுக்கு நடந்து போய்ப் பிரதட்சிணம். குடியிருப்பு முழுக்க இதே பேச்சு. 'இந்த வயசில் எவ்வளவு வைராக்கியம்!' என்று எல்லோரும் வியந்தோம். வியந்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

29-ஆம் நாள், சந்நிதி வரிசையில் நின்றுகொண்டிருந்த மாமிக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. கை நடுங்கியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. பின்னால் நின்ற ஒரு பெண்மணிக்கு விஷயம் தெரிந்திருந்தது, புண்ணியவதி! உடனே தன் பையில் இருந்த சர்க்கரைப் பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருக்கிறார். மாமி பிழைத்தார்.

நடந்தது இதுதான். மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டை மட்டும் நிறுத்திவிட்டார். சில வகைச் சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் எடுத்துக்கொள்பவர்கள் இப்படிப் பட்டினி கிடந்தால், இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடும் வாசகிகள், விரதம் தொடங்கும் முன்பு தயவுசெய்து உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், சாப்பாட்டை நிறுத்தவும் வேண்டாம்.

மறுநாள் பார்க்கப் போனேன். மாமி அழுதுகொண்டிருந்தார். உடம்பை நினைத்து இல்லை.

"சங்கல்பம் பண்ணிண்டு பாதியில விட்டுட்டேனே. தோஷமில்லையா? முருகன் என்ன நெனச்சுப்பான்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். விரதத்தைக் கெடுக்காதவை என்று எட்டு விஷயங்களை நம் முன்னோர் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். நீர், கிழங்கு, கனி, பால் என்று போகிற அந்தப் பட்டியலில் மருந்தும் இருக்கிறது! உயிரைக் காக்க எடுத்துக்கொண்டது விரதபங்கம் ஆகாது. அந்தச் சர்க்கரைத் தண்ணீர் அன்றைக்கு மருந்துதானே? மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடம். 'விரதம்தான் முறிஞ்சு போச்சே' என்கிற எண்ணம் வந்ததும், மாமியின் கட்டுப்பாடெல்லாம் ஒரேயடியாகப் போய்விட்டது. நடையும் நின்றது. இரண்டு வேளைச் சாதம் திரும்ப வந்தது. இரவு பத்து மணிக்கு அந்த ஒன்றரைக் கரண்டியும்!

மார்கழியை நினைத்துப் பாருங்கள். முப்பது நாளும் விடியற்காலையில் எழுந்து, வாசல் தெளித்து, குனிந்து நிமிர்ந்து பெரிய கோலம் போட்டு, கோயிலுக்கு ஓடுகிறோம். தை பிறந்து நாலாம் நாள்? பழையபடி ஆறரை மணிதான். உடம்புக்கு அந்த முப்பது நாள் ஒரு திருவிழா. மீதிப் பதினோரு மாதம்தான் அதன் வாழ்க்கை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எனக்குள் எழுந்தது. நாம் ஏன் எப்போதும் பெரிய சங்கல்பத்தையே எடுக்கிறோம்? பெரிதாகக் கொடுத்தால்தான் சாமி மகிழ்வார் என்று நினைக்கிறோமா? அல்லது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, பெரிய சங்கல்பத்தை நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள முடிகிறது என்பதாலா? '48 நாள் ஒருவேளைச் சாப்பாடு' என்றால் கேட்பவர் புருவம் உயரும். 'தினமும் ஒரு பிடி சோறு குறைத்துக்கொள்கிறேன்' என்றால் யார் வியக்கப்போகிறார்கள்? சின்ன விரதத்தில் அகங்காரத்துக்குத் தீனி கிடையாது. அதனால்தானோ என்னவோ, அது நமக்கு ருசிப்பதில்லை.

பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் பகவான் ஆறுதலாக ஒரு விஷயம் சொல்கிறார். இந்த வழியில் செய்த முயற்சி எதுவும் வீணாவதில்லை, இதில் சிறிதளவு செய்தாலும் பெரிய பயத்திலிருந்து அது காக்கும் என்பது அதன் கருத்து. கர்மயோகத்தைப் பற்றிச் சொன்னதை நான் வயிற்றுக்குப் பொருத்துகிறேன். பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். ஆனால் ஆறாம் அத்தியாயத்தில் அதிகமாகச் சாப்பிடுகிறவனுக்கும் யோகம் இல்லை, அறவே சாப்பிடாதவனுக்கும் இல்லை என்று சாப்பாட்டையே நேராகச் சொல்லியிருக்கிறார். அலைபாயும் மனசை எப்படி அடக்குவது என்று அர்ஜுனன் கேட்கும்போது, வைராக்கியத்தோடு அப்பியாசத்தையும் சேர்த்துத்தான் பதில் வருகிறது. அப்பியாசம் என்றால் திரும்பத் திரும்பச் செய்வது. நமக்கு வைராக்கியம் பிடிக்கிறது. அப்பியாசம்தான் போரடிக்கிறது!

ஒரு செயல் எத்தனை நாளில் பழக்கமாகும் என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். 96 பேர் கலந்துகொண்டார்கள். 2009-இல் வெளியானது. சாப்பாடு, தண்ணீர், நடை என்று ஆளுக்கொரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து, தினமும் நடக்கிற ஒரு காரியத்தோடு அதை முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். 'காலை ஆகாரத்துக்கு அப்புறம்' என்பதுபோல. யோசிக்காமல் தானாகச் செய்கிற நிலை வருவதற்குச் சிலருக்கு 18 நாள் போதுமாயிருந்தது. சிலருக்கு 254 நாள் பிடிக்கும் என்று கணக்கு காட்டியது. நடுவில் நிற்கும் எண் 66. நம் மண்டலக் கணக்கையும் தாண்டுகிறது, பார்த்தீர்களா! இன்னொன்றும் தெரிந்தது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் ஏதும் இல்லை. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள், அவ்வளவுதான். 'முறிந்துவிட்டது' என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

நம் வீட்டில் சாயங்காலம் விளக்கேற்றுகிறோமே, அதற்கு யாராவது சங்கல்பம் செய்கிறோமா? 'இன்றைக்கு மூடு இல்லை' என்று விடுகிறோமா? கை தானாகத் திரியைத் தூண்டுகிறது. ஒருநாள் ஊரில் இல்லை என்றால், திரும்பி வந்த அன்று ஏற்றுகிறோம். பழக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று நம் பூஜை அறையே சொல்லித் தருகிறது.

சரி, ஒன்றரைக் கரண்டிக்கு வருகிறேன்.

காஞ்சி மகா பெரியவர் சொன்ன பிடி அரிசித் திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இல்லத்தரசிகள் தினமும் சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். சேர்ந்ததை வாங்கிச் சமைத்து, கோயிலில் நிவேதனம் செய்து ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். மாமி இதையும் பல வருடங்களாகச் செய்துகொண்டிருந்தார். ஆனால் எப்படி? இரண்டு ஆழாக்கு அரிசியைக் குக்கருக்கு அளந்து எடுத்துவிட்டு, மறுபடி டப்பாவுக்குள் கைவிட்டு இன்னொரு பிடியை எடுத்துப் பிடி அரிசிப் பானையில் போடுவார். தர்மம் நடந்தது, வீட்டுச் சாதம் குறையவில்லை.

ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது, "மாமி, அளந்ததிலிருந்தே அந்தப் பிடியை எடுத்தால் என்ன?" என்று கேட்டேன். அவ்வளவுதான். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. மாமி கொஞ்ச நேரம் குக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வெளிநாடு போய் நாலு வருடம் ஆகியும், வீட்டில் இருக்கும் மூன்று பேருக்கு ஐந்து பேர் அளவில்தான் வடித்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குப் பட்டது!

யோசித்துப் பாருங்கள். அன்னம் வீணாவது இரவு பத்து மணிக்கா? இல்லை, காலையில் அளக்கும்போதே அது வீணாகிவிட்டது. குப்பைக் கூடையில் போட்டாலும் வீண்தான். வேண்டாம் என்கிற வயிற்றில் போட்டாலும் வீண்தான். வயிறு ஒன்றும் பேசாது, ஆகவே நமக்குப் பாவம் தெரிவதில்லை. அன்னத்தை இழிவாக நினைக்கக் கூடாது என்பதைத் தைத்திரீய உபநிஷதம் ஒரு விரதமாகவே சொல்லியிருக்கிறது. அதே உபநிஷதத்தில் 'அன்னம்' என்ற சொல்லுக்கு இரண்டு விளக்கம் வருகிறது. உயிர்கள் அதை உண்கின்றன என்பது ஒன்று. அது உயிர்களை உண்கிறது என்பது இன்னொன்று! பல தடவை பாராயணத்தில் கேட்டிருந்தும், மாமியின் 9.4-ஐப் பார்த்த பிறகுதான் அந்த இரண்டாவது விளக்கம் எனக்குள் இறங்கியது.

என் வீட்டுத் தராசில் ஒரு பிடி அரிசியை நிறுத்துப் பார்த்தேன். 40 கிராம். ஏறக்குறைய 140 கலோரி. ஒரு மாதத்துக்கு ஒரு கிலோ இருநூறு. ஒரு நாள் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. வீட்டில் யாரும் கேள்விகூடக் கேட்கவில்லை. மாமாவுக்கு இன்றுவரை தெரியாது! மூன்று மாதம் கழித்து மாமி அந்தப் பிடியை இரண்டு பிடி ஆக்கினார். குறைந்த இடத்தில் கூட ஒரு கரண்டி காய் வந்தது. இரவில் மீதம் இல்லாததால் நின்றபடி சாப்பிடும் வேலையும் இல்லாமல் போனது.

நடையும் இப்படித்தான் திரும்ப வந்தது. காலையில் ஒரு மணி நேரம் என்று மாமி மறுபடி கிளம்பவில்லை. இரவுச் சாப்பாடு ஆனதும், மாடி வராந்தாவில் அனுமன் சாலீசா ஒருமுறை சொல்லி முடிக்கும்வரை நடக்கிறார். நிதானமாகச் சொன்னால் பத்து நிமிடம் ஆகும். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் சர்க்கரை நோயாளிகள் 41 பேரை வைத்துச் செய்த ஒரு ஆராய்ச்சி 2016-இல் வெளியானது. நாளில் ஏதோ ஒரு நேரத்தில் முப்பது நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை 12 சதவிகிதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பலன் இன்னும் அதிகம். மாமிக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தெரியாது. சாலீசா தெரியும், வராந்தா தெரியும்.

உப்பு, ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றையும் இங்கே இழுக்கவில்லை. ஒன்று வேரூன்றிய பிறகு இன்னொன்று என்பதுதான் மாமியின் கணக்கு. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றப்போய்த்தானே சந்நிதி வரிசையில் விழப்பார்த்தார்!

இது ஏதோ ஒரு மாமியின் கதை என்று விட்டுவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு 2023-இல் வெளியானபோது, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. இன்னும் 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதன் வாசலில் நிற்கிறார்கள்.

மாமியின் அடுத்த ரிப்போர்ட் 8.7. அதற்கடுத்தது 8.1. போன முறை 7.5. மாத்திரையும் தொடர்கிறது. எல்லாப் புகழும் பிடி அரிசிக்கு என்று நான் சொல்லமாட்டேன். டாக்டர் மாத்திரையையும் மாற்றிக் கொடுத்தார். ஆனால், இந்த முறை மூன்று நாள் முன்னதாகப் பத்தியம் இல்லாமலே போனேன் என்று மாமி சொன்னபோது, அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

எல்லாம் நல்லதுதான். இருந்தாலும் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. 'உங்களுக்காகக் குறையுங்கள்' என்று பதினோரு வருடம் டாக்டர் சொல்லி நடக்காத காரியம், 'கோயிலுக்கு ஒரு பிடி' என்றதும் நடந்துவிட்டதே, அது ஏன்? அடுத்தவருக்கு என்றால் அளவில்லாமல் செய்யும் நாம், நமக்கு என்றால் மட்டும் ஏன் இப்படித் தயங்குகிறோம்? உடம்பை இழிவென்று முதலில் நினைத்திருந்ததையும், உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்ட பிறகு அதைப் பேணத் தொடங்கியதையும் திருமூலர் பாடிவைத்திருக்கிறார். அந்தக் கோயிலைப் பேணுவதை நாமோ சுயநலம் என்று எண்ணிக் கூசுகிறோம்.

போன வெள்ளிக்கிழமை, மாத முடிவில் சேர்ந்த அரிசியைக் கோயிலில் கொடுத்துவிட்டு இருவரும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். மாமியிடம் இதைக் கேட்டேவிட்டேன். "பிடி அரிசின்னு ஒண்ணு இல்லேன்னா, உங்களுக்காகவே சாதத்தைக் குறைச்சிருப்பேளா மாமி?"

தெப்பக்குளம் தாண்டும்வரை மாமி பேசவில்லை.

"தெரியலைடி" என்றார் பிறகு. "எனக்காகன்னு எதையும் பண்ணிப் பழக்கமில்லையே." இன்னும் நாலடி நடந்துவிட்டுச் சொன்னார்: "ஆனா, இப்ப ஒரு வாரமா ராத்திரி எல்லாரோடயும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடறேன். மாமாவே நேத்திக்கு எனக்குப் பரிமாறினார். மொதல் ரெண்டு நாள் கூச்சமா இருந்தது."